கேக்கைத் தட்டுத் தட்டாக அடுக்குவது: மலையக வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

இரண்டு தட்டு, மூன்று தட்டு கேக் சரிந்துபோனால் எல்லோரும் கேக்கைத்தான் குறை சொல்வார்கள். மா கூடிவிட்டது, கேக் மெதுவாகிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. மேல் தட்டின் பாரத்தைக் கீழ்த் தட்டுக் கேக் தாங்கவே கூடாது. அதற்குள் நிற்கும் குச்சிகள்தான் தாங்க வேண்டும். கீழ்த் தட்டுக்குள் ஒரு சின்ன மேசை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் அதன் கால்கள், மேல் கேக்கின் அடியில் இருக்கும் போர்ட்தான் பலகை. கேக் அந்தக் கால்களைச் சுற்றி இருக்கிறது, அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் அளவுகள் ஒவ்வொன்றும் ஏன் என்று தானாகவே விளங்கும்.

மலையகத்துக்கென்று தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. வீடியோக்களில் பார்க்கும் செய்முறைகள் பெரும்பாலும் சமதரை ஊர்களுக்கானவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1200 மீற்றருக்கு மேல். இங்கே கேக் பொங்கும் விதம் வேறு, ஐசிங் இறுகும் விதம் வேறு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதை வேறு. கொழும்பில் நேராக நின்ற கேக் றம்பொடை வளைவுகளிலும் நேராக நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எத்தனை தட்டு, என்ன அளவு

முதல் தடவை செய்பவர்கள் இரண்டு தட்டோடு நில்லுங்கள். கீழே 8 அங்குலம், மேலே 6 அங்குலம், இரண்டும் 4 அங்குல உயரம். பட்டர் கேக்கும் பட்டர் ஐசிங்கும் என்றால் 8 அங்குலத் தட்டு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வரும். 6 அங்குலம் ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரை வரும். ஒன்றரைக் கிலோ சின்னப் பாரம் மாதிரித் தெரியலாம். ஆனால் அது மணிக்கணக்காக ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும்போது, குச்சி இல்லாத கேக் முதலில் ஓரத்தில் பிதுங்கும், பிறகு ஒரு பக்கமாக இறங்கும்.

ஒரு அங்குல அகலம், இரண்டு அங்குல நீளம் என்று துண்டு போட்டால் 8 அங்குலத் தட்டில் 24 பேருக்கும் 6 அங்குலத் தட்டில் 12 பேருக்கும் கொடுக்கலாம். பிறந்தநாளுக்கும் சின்னச் சடங்கு வீட்டுக்கும் இது தாராளம். மூன்று தட்டு வேண்டுமானால் 10, 8, 6 என்று போங்கள். மொத்தப் பாரம் எட்டு, ஒன்பது கிலோவைத் தொட்டுவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தட்டுக்குத் தட்டு இரண்டு அங்குலமாவது வித்தியாசம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் கீழ்த் தட்டின் குச்சிகள் ஓரத்துக்கு நெருங்கி வந்து ஐசிங்கை வெடிக்க வைக்கும்.

செலவை யோசிப்பவர்கள் ஒரு தட்டை ரெஜிபோமில் (இலேசான வெள்ளை நுரைக் கட்டி) வைக்கலாம். நம் நாட்டுக் கல்யாணங்களில் மேடையில் நிற்கும் பெரிய கேக்கில் பாதிக்கு மேல் ரெஜிபோமாக இருப்பதும், விருந்தினருக்குப் பெட்டியில் வேறு ரிச் கேக் துண்டு கொடுப்பதும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரெஜிபோமைக் கீழே வைத்து உண்மைக் கேக்கை மேலே வைத்தால் அடி இலேசாகவும் தலை பாரமாகவும் ஆகிவிடும். அப்படிச் செய்வதானால் ரெஜிபோமை அடி போர்ட்டில் ரோயல் ஐசிங் (முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்தது, காய்ந்தால் இறுகிவிடும்) வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, எல்லாத் தட்டையும் ஊடுருவும் நடுக் குச்சியும் கட்டாயம் போட வேண்டும். ரெஜிபோமே பாரத்தைத் தாங்கிவிடும் என்பதால் அதற்குள் தாங்கு குச்சி தேவையில்லை.

வாங்கி வைக்க வேண்டியவை

அடி போர்ட்டில்தான் முதலில் காசைப் போட வேண்டும். 8 அங்குலக் கேக்குக்கு 12 அங்குல போர்ட், 10 அங்குலத்துக்கு 14 அங்குலம், தடிப்பு 12 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கவில்லை என்றால் தச்சரிடம் பிளைவூட் வட்டமாக வெட்டித் தரச் சொல்லி, கேக்குக்கான பொயில் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். மெல்லிய போர்ட் தூக்கும்போது வளையும். அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலே ஐசிங்கில் கீறல் விழும்.

மேல் தட்டுக்குக் கேக்கின் அளவிலேயே ஒரு போர்ட் வேண்டும். 6 அங்குலக் கேக்குக்கு 6 அங்குல போர்ட். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள அட்டை போதும். மெல்லியதாக இருந்தால் இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தப் போர்ட்டை மிச்சம் பிடிக்க நினைத்து, கேக்கை நேரடியாகக் குச்சிகளின் மேல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் குச்சிகள் மேல் கேக்குக்குள் ஏறிவிடும். மேசைக்குக் கால் மட்டும் இருந்து பலகை இல்லாத நிலைமை அது.

தாங்கு குச்சியைக் கேக் சாமான் கடைகளில் ‘டவல் ரொட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிளாஸ்டிக்கில், உள்ளே துளையுள்ள, ஒரு சென்டிமீற்றர் அளவு தடிப்பானதுதான் என் தெரிவு. வெட்டுவது இலகு, தலைப்பக்கம் அகலம் என்பதால் போர்ட் நன்றாக உட்காரும். 6 மில்லிமீற்றர் மரக் குச்சியும் நல்லதுதான். சதே குத்தும் மூங்கில் குச்சி 4 அங்குலச் சின்னத் தட்டுக்கு மட்டும் சரி. அதற்கு மேல் பாரம் வந்தால் அது கேக்குக்குள் சாய்ந்துவிடும். கடதாசி ஸ்ட்ரோ வேண்டவே வேண்டாம், கேக்கின் ஈரத்தில் ஊறி நசுங்கிவிடும். பெயின்ட் பூசிய குச்சி, பென்சில், தோட்டத்தில் ஒடித்த சிம்பு எதையும் சாப்பாட்டுக்குள் வைக்காதீர்கள்.

இவை தவிர ஒரு நீளமான மரக் குச்சி (நடுக் குச்சிக்கு), புதிய ஹெக்ஸோ பிளேட், பென்சில் சீவி, அளவுகோல், சின்னச் சுத்தியல், மேசன்மார் வைத்திருக்கும் ஸ்பிரிட் லெவல். லெவல் இல்லையென்றால் போனில் இருக்கும் லெவல் அளவியே போதும். வீட்டில் கவ்வாத்துக் கத்தி இருக்கிறதே என்று குச்சியை அதால் வெட்டாதீர்கள். அது மரத்தைச் சரிவாகச் சீவும். நமக்கு வேண்டியது நேர்வெட்டு.

கேக்: உயரத்துக்கு ஏற்ற மாற்றங்கள்

அடுக்குவதற்கு ஏற்றது பட்டர் கேக், சொக்லட் கேக், ரிச் கேக். ஸ்பொஞ்ச் மாதிரி மெதுவானதை மேல் தட்டுக்கு மட்டும் வையுங்கள். பட்டர் கேக் என்றால் 8 அங்குலத் தட்டுக்கு பட்டர், சீனி, மா மூன்றும் 500 கிராம், முட்டை 10. 6 அங்குலத் தட்டுக்கு மூன்றும் 300 கிராம், முட்டை 6. ஒவ்வொன்றையும் இரண்டு தாச்சியில் பிரித்து வேகவைத்தால் நடுவில் வேகாமல் நிற்கும் பிரச்சினை வராது.

உயரமான இடங்களில் காற்றழுத்தம் குறைவு. அதனால் பேக்கிங் பவுடரில் இருந்து வரும் வாயு கூடுதலாக விரிகிறது. கேக் அவசரமாகப் பொங்கி, உள்ளே இறுகுவதற்கு முன் நடுவில் குழிந்துவிடும். தண்ணீரும் நுவரெலியாவில் 100 பாகைக்குப் பதிலாக 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும் என்பதால் ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது. ஆகவே வழமையான செய்முறையில் 4 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றால் நுவரெலியாவில் 3 போதும், ஹட்டன், தலவாக்கலை பக்கம் மூன்றரை. பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஓவன் சூட்டை 5 முதல் 10 பாகை ஏற்றுங்கள். கண்டியில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் எதுவும் தேவைப்படாது.

குழிந்த கேக்கை ஐசிங் வைத்து நிரவி விடலாம் என்று நினைக்காதீர்கள். தனிக் கேக்கில் அது சரி. தட்டுக் கேக்கில் அந்த இடம் மெதுவாக இருக்கும், குச்சியைச் சுற்றிக் கேக் பிரிந்துபோகும்.

வெந்த கேக்கை முழுக்க ஆறவிட்டு, சுற்றி மூடி, ஒரு இரவு வைத்துவிடுங்கள். மறுநாள் வெட்டும்போது தூள் உதிராது. மேலே பொங்கி நிற்கும் பகுதியைப் பல் வைத்த கத்தியால் சீவி மட்டமாக்குங்கள். கண்ணளவை நம்பாமல், கேக்கைச் சுற்றி ஒரே உயரத்தில் நாலைந்து பல்குத்திக் குச்சிகளைச் செருகி, கத்தியை அவற்றின் மேல் ஓடவிட்டால் நேராக வரும்.

பூச்சும் நிரப்பும்

இரண்டு தட்டுக்கும் சேர்த்து 500 கிராம் பட்டரும் ஒரு கிலோ ஐசிங் சீனியும் வேண்டும். ஜாம் நிரப்புவதானால் முதலில் கேக்கின் ஓரத்தைச் சுற்றி ஐசிங்கில் ஒரு வரப்புக் கட்டி, அதற்குள் ஜாமைப் போடுங்கள். வரப்பு இல்லாவிட்டால் ஜாம் வெளியே கசிந்து மேல் லேயர் வழுக்கும். நுவரெலியாவில் நல்ல ஸ்ட்ரோபெரி கிடைக்கிறதே என்று பச்சைப் பழத்தை நடுவில் வைக்க ஆசை வரும். பழம் தண்ணீர் விடும். அதைக் கடைசி நேரத்தில் உச்சியில் அலங்காரமாக வையுங்கள், உள்ளே ஜாம்தான்.

நிரப்பி அடுக்கிய பின் உடனே பூசாதீர்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டையோ இலேசான போர்ட்டையோ மேலே வைத்து மூன்று, நான்கு மணித்தியாலம் விடுங்கள். கேக் தன் பாரத்தில் கொஞ்சம் இறங்கி அமரும். இதைச் செய்யாமல் பூசினால் மறுநாள் பக்கவாட்டில் ஒரு வளையம் மாதிரிப் பிதுங்கி நிற்கும். பின்பு மெல்லிய முதல் பூச்சு, அது இறுகியதும் முழுப் பூச்சு.

குளிரில் பட்டர் ஐசிங் சீமெந்து போட்ட மாதிரி ஆகிவிடுகிறது என்று முறைப்பாடு வரும். அறை 15, 16 பாகையில் இருக்கும்போது பட்டர் இறுகுவது இயல்புதான். கிண்ணத்தை இளஞ்சூட்டு நீரின் மேல் சில விநாடி பிடித்துவிட்டு மறுபடி அடியுங்கள். பூசும் கரண்டியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்துக்கொண்டால் மேற்பரப்பு வழுவழுப்பாக வரும். அடுக்கும் நேரத்தில் இதே குளிர் உங்களுக்கு உதவி செய்யும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நுவரெலியாப் பக்கம் பிரிட்ஜே தேவையில்லை, ஜன்னலோர மேசை போதும். எறும்புக்கு மட்டும் வழி செய்யுங்கள்: அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த சட்டியின் மேல் கேக்கை வையுங்கள்.

ஃபொண்டன் (விரித்துக் கேக்கை மூடும் சீனிப் பூச்சு) போடுபவர்கள் மழைக்காலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை கொண்டுவரும். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் நாட்களில் ஃபொண்டன் பிசுபிசுக்கும், ரோயல் ஐசிங் பூக்கள் காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அந்த மாதங்களில் பட்டர் ஐசிங்கோடு போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

குச்சி வைப்பது

இதுதான் முழு வேலையின் உயிர். அவசரப்படாமல் செய்யுங்கள். கேக் இரண்டும் நன்றாகக் குளிர்ந்து, பூச்சு விரலில் ஒட்டாத அளவு இறுகியிருக்க வேண்டும்.

1. அடி போர்ட்டின் நடுவில் ஒரு கரண்டி ரோயல் ஐசிங்கோ உருக்கிய சொக்லட்டோ தடவி, 8 அங்குலக் கேக்கை அதில் நிரந்தரமாக ஒட்டுங்கள். லெவலை வைத்துப் பாருங்கள். மேசையே சரிவாக இருக்கலாம். லயத்து வீடுகளிலும் பழைய பங்களாக்களிலும் தரை ஒரு பக்கம் இறங்கியிருப்பது சாதாரணம். மேசைக் காலுக்கு அடியில் அட்டை வைத்து முதலில் மேசையை நேராக்குங்கள்.

2. 6 அங்குல வெற்று போர்ட்டைக் கேக்கின் நடுவில் மெதுவாக வைத்து, பல்குத்தியால் சுற்றி ஒரு கோடு கீறுங்கள். போர்ட்டை எடுத்துவிடுங்கள். இனி எல்லாக் குச்சியும் இந்த வட்டத்துக்குள்தான் வரும்.

3. கோட்டில் இருந்து இரண்டு சென்டிமீற்றர் உள்ளே, சம தூரத்தில் நான்கு இடங்களைக் குறியுங்கள். 6 அங்குலத் தட்டைத் தாங்க நான்கு போதும். 8 அங்குலத் தட்டைத் தாங்க ஐந்து அல்லது ஆறு, 10 அங்குலத்துக்கு எட்டு. கூடுதலாக வைத்தால் பாதுகாப்பு என்று பத்துப் பன்னிரண்டு குத்துவது பலன் தராது. துளைகள் நெருங்கினால் கேக் அந்த இடத்தில் பிளக்கும்.

4. கேக்கின் மிக உயரமான இடம் எது என்று லெவலில் பாருங்கள். அந்த இடத்துக் குறியில் ஒரு குச்சியை நேராக, போர்ட்டில் ‘டக்’ என்று முட்டும் வரை இறக்குங்கள். ஐசிங் மட்டத்தில் நகத்தாலோ கத்தி முனையாலோ கீறி, வெளியே இழுங்கள்.

5. அந்தக் கீறலில் குச்சியை வெட்டுங்கள். மற்ற மூன்றையும் இதன் பக்கத்தில் நிறுத்தி, இதே நீளத்துக்கு வெட்டுங்கள்.

இந்த ஐந்தாவது படியில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். ஒவ்வொரு குச்சியையும் அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப வெட்டுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் கேக் ஒரு பக்கம் மூன்று மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கக் காலும் மூன்று மில்லிமீற்றர் கட்டையாகிவிடும், மேல் தட்டும் சாய்ந்துவிடும். எல்லாக் கால்களும் ஒரே நீளம் என்றால், கீழ்க் கேக் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மேல் தட்டு நேராக நிற்கும். தாழ்ந்த பக்கத்தில் தெரியும் இடைவெளியை ஐசிங் மறைத்துவிடும்.

வெட்டிய நான்கையும் கேக்கில் இறக்குவதற்கு முன் மேசையில் நிறுத்தி, மேலே போர்ட்டை வைத்துப் பாருங்கள். ஆடினால் எந்தக் குச்சி கட்டை என்று உடனே தெரியும். கேக்குக்குள் போன பிறகு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெட்டிய முனைகளைத் தேய்த்து, தூளைத் துடைத்து, கழுவிக் காயவைத்துத்தான் உள்ளே விட வேண்டும். கேக்கின் உயரமான பக்கத்தில் குச்சியின் தலை ஐசிங் மட்டத்துக்குச் சரியாகவோ ஒரு மில்லிமீற்றர் மேலேயோ நிற்கலாம். மட்டத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. கீழே போனால் பாரம் முதலில் கேக்கில் விழும், கேக் நசுங்கிய பிறகுதான் குச்சியைத் தொடும்.

குத்தும்போது நேராகக் குத்துங்கள். சரிவாக நிற்கும் கால் பாரம் வந்ததும் இன்னும் சரியும். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, ஒரு தடவை முன்னால் இருந்தும் ஒரு தடவை பக்கவாட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். “இவ்வளவு குச்சி குத்தினால் கேக் உடைந்துவிடாதா அக்கா?” என்று உதவிக்கு வரும் தங்கச்சிமார் கேட்பார்கள். குளிர்ந்த கேக்கில் நான்கு துளை ஒன்றும் செய்யாது. குத்தாமல் விடுவதுதான் உடைக்கும்.

மேல் தட்டை ஏற்றுவது

கீறிய வட்டத்துக்குள், குச்சிகளின் நடுவே கொஞ்சம் ஐசிங் தடவுங்கள். ஃபொண்டன் போட்ட கேக்கானால் அந்த இடத்தில் ஐசிங் சீனி தூவிவிட்டு நடுவில் மட்டும் ரோயல் ஐசிங் வையுங்கள், பிறகு பிரிக்கும்போது தோல் உரியாது. மேல் கேக்கின் போர்ட்டுக்கு அடியில் அகலக் கரண்டியை விட்டு ஒரு பக்கம் தூக்கி, மற்றக் கையை அடியில் கொடுத்து, கீறலின் பின்பக்க ஓரத்தில் முதலில் தொடவைத்து, முன்பக்கத்தை மெதுவாக இறக்கிக் கரண்டியை உருவுங்கள். ஐசிங் காய முன் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நகர்த்திச் சரிசெய்ய முடியும். மேலே இருந்து பார்த்தால் நடு தெரியாது. கேக்கைச் சுற்றி நடந்து, நான்கு பக்கமும் ஓர அகலம் ஒன்றாக இருக்கிறதா என்று அளவுகோலால் பாருங்கள்.

அப்புறம் நடுக் குச்சி. தாங்கு குச்சிகள் பாரத்தைத் தாங்கும், ஆனால் மேல் தட்டு பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்காது. அதற்குத்தான் எல்லாத் தட்டையும் ஊடுருவி ஒரு நீளக் குச்சி. மொத்த உயரத்தை விட இரண்டு சென்டிமீற்றர் குறைவாக வெட்டி, ஒரு முனையைப் பென்சில் சீவியில் கூராக்குங்கள். மேல் தட்டின் போர்ட்டில், கேக்கை வைப்பதற்கு முன்பே, நடுவில் ஒரு சென்டிமீற்றர் துளை போட்டு வைத்திருக்க வேண்டும். கேக்கின் உச்சி நடுவில் இருந்து நேராக இறக்கி, கடைசியில் சுத்தியலால் இலேசாகத் தட்டினால் அடி போர்ட்டில் கொஞ்சம் ஏறி நிற்கும். அடியில் பிளைவூட் போட்டவர்கள் முன்கூட்டியே அதிலும் ஒரு குழி துளைத்துக்கொள்ளுங்கள், மரத்துக்குள் தட்டி ஏற்ற முடியாது. உச்சித் துளையை ஐசிங் பூ ஒன்றால் மூடிவிடலாம்.

இரண்டு தட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். சின்ன உருண்டைகளாக ஐசிங் பிழிந்தாலோ ரிப்பன் சுற்றினாலோ மறைந்துவிடும். இதில் நேரம் போக்க ஒன்றுமில்லை.

மூன்று தட்டுக்கும் முறை இதுவே. நடுத் தட்டுக்கும் அதன் அளவு போர்ட், அதற்குள்ளும் குச்சிகள். நடுத் தட்டின் குச்சி நடுத் தட்டின் போர்ட்டில் நிற்கும், அந்தப் போர்ட் கீழ்த் தட்டின் குச்சிகளில் நிற்கும். பாரம் இப்படிப் படிப்படியாக அடி போர்ட்டுக்கு இறங்குகிறது. ஒரே நீளக் குச்சியால் எல்லாத் தட்டையும் தாங்க வைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

பாதையில் கொண்டுபோவது

மலையகத்தில் கேக் கெடுவது சமையலறையில் குறைவு, பாதையில்தான் அதிகம். பிரேக் பிடிக்கும்போது கேக் முன்னால் போகப் பார்க்கும், கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கம் போகப் பார்க்கும், இறக்கத்தில் முழுப் பாரமும் முன்பக்கக் குச்சிகளில் சாயும். நின்ற இடத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது நிலைமை வேறு.

என் முடிவு இதுதான். இரண்டு தட்டுக் கேக், நடுக் குச்சி போட்டு, நன்றாகக் குளிரவைத்து, அரை மணித்தியால ஓட்டம் என்றால் அடுக்கியே கொண்டுபோகலாம். மூன்று தட்டு என்றால் எவ்வளவு கிட்டவாக இருந்தாலும் பிரித்தே கொண்டுபோய், போன இடத்தில் அடுக்குங்கள். குச்சிகளை வீட்டிலேயே வெட்டிக் கேக்குக்குள் இறக்கி வைத்துவிட்டால் அங்கே ஏற்றும் வேலை மட்டும்தான்.

தோட்டத்து வீடுகளுக்குப் போகும்போது வாகனம் கடைசி வரை போகாது. கல் படிகளில் ஏறி இறங்க வேண்டிவரும். ஒன்பது கிலோ கேக்கை ஒரே பெட்டியில் தூக்கிக்கொண்டு நனைந்த படியில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். தட்டுத் தட்டாகத் தனிப் பெட்டியில் என்றால் ஆளுக்கு ஒன்று தூக்கலாம், மேலே குடை பிடிக்க ஒருவர்.

வாகனத்தில் சீட்டில் வைக்காதீர்கள், சீட் எப்போதும் பின்பக்கம் சரிவு. வேனின் தட்டையான தரைதான் நல்ல இடம். ஆட்டோவில் போக நேர்ந்தால் கால் வைக்கும் தட்டில், பெட்டியை இரண்டு பக்கமும் காலால் அணைத்துக்கொண்டு. பெட்டி போர்ட்டின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், இடைவெளி இருந்தால் போர்ட் ஆடும். பெட்டிக்கு அடியிலும் உள்ளேயும் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக் வேண்டாம்.

நுவரெலியாவில் இருந்து கண்டிக்கு இறங்கினால் 1300 மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. சூடு எட்டு, ஒன்பது பாகை கூடும். மேலே கல் மாதிரி இருந்த ஐசிங் பேராதனை வரும்போது இளகத் தொடங்கியிருக்கும். ஏசி உள்ள வாகனம் என்றால் நல்லது. இல்லையென்றால் விடியற்காலை புறப்படுங்கள். குளிர்ந்த கேக்கைச் சூடான இடத்தில் உடனே திறந்தால் மேலே நீர் படியும், ஃபொண்டனில் நிறம் வழியும். பெட்டியை மூடியபடியே முக்கால் மணித்தியாலம் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். நீர் படிந்துவிட்டால் துடைக்க வேண்டாம், காற்றாடிக் காற்றில் தானாகக் காயும்.

போன இடத்தில்

மண்டபத்து மேசையை முதலில் லெவல் பாருங்கள், மடக்கு மேசையானால் பூட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெயில் விழும் ஜன்னல், ஸ்பீக்கர் பெட்டி, பிள்ளைகள் ஓடும் வழி, இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஸ்பீக்கரின் அதிர்வு மெதுவான ஐசிங்கை இறக்கிவிடும். கையோடு ஒரு பை கொண்டுபோங்கள்: பூசிய அதே நிற ஐசிங் ஒரு கிண்ணம், பிழியும் பை, கரண்டி, இரண்டு மேலதிகக் குச்சி, பிளேட், டிஷு, ஒட்டுவதற்கு ரோயல் ஐசிங். கேக்கின் எந்தப் பக்கத்தில் சின்னக் காயம் பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், அங்கேயே ஒரு பூவும் வைத்துவிடலாம்.

வெட்டும்போது

கேக் வெட்டுவது பெரும்பாலும் நீங்களாக இருக்கமாட்டீர்கள். ஆகவே யார் வெட்டப்போகிறார்களோ அவரைத் தேடிப் பிடித்து, உள்ளே எத்தனை குச்சி, எந்தத் தட்டில், நடுக் குச்சி உண்டா, எந்தத் தட்டு ரெஜிபோம் என்பதை நேரில் சொல்லுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அடி போர்ட்டின் கீழ் ஒட்டியும் விடுங்கள். பிள்ளைகளின் வாயில் ஒரு குச்சித் துண்டு போய்விட்டால் அதைவிடப் பெரிய பிழை கிடையாது.

படம் எடுத்து முதல் துண்டு வெட்டியதும், நடுக் குச்சியை உச்சியில் இருந்து இழுத்து எடுத்துவிட வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் சமையலறை இடுக்கி உதவும். பிறகு மேல் தட்டைப் போர்ட்டோடு தூக்கி வேறு மேசைக்கு மாற்றி, அங்கே தனிக் கேக் மாதிரி வெட்டுங்கள். கீழ்த் தட்டின் தாங்கு குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணிப் பார்த்து, கணக்குச் சரியான பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். மரக் குச்சிகளை எறிந்துவிடுங்கள், அவை ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பிளாஸ்டிக் குச்சிகளின் துளைக்குள் கேக் அடைந்திருக்கும். சுடுநீரில் ஊறவிட்டு, சதே குச்சியால் தள்ளிக் கழுவி, அளவை மேலே எழுதி எடுத்து வைத்தால் அடுத்த 8 அங்குலக் கேக்குக்கும் அதே நான்கும் போதும்.